பதினாறுக்குப் பதினொன்று

காட்டூரில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் மாடி கட்டுகிறார். அவருடைய மகன் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்கிறவனாம். வீட்டிலேயே ஸ்டூடியோ வேண்டுமாம். நான் வானொலி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் பிளானைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"இப்படிக் கட்டினா பாட்டு கேக்காதுங்க, ரூம்தான் கேக்கும்," என்றேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஏதோ ஒரு சுருதி மட்டும் சுவருக்குச் சுவர் மோதி வீங்கிக்கொண்டே இருக்கும், மற்றதெல்லாம் சோடை போகும். ஒன்று இன்னொன்றின் இரட்டிப்பாக இருந்தாலும் அதே வம்புதான். பஞ்சு ஒட்டினால் மேல் ஸ்வரங்கள்தான் சாகுமே தவிர, கீழே உறுமுவது உறுமிக்கொண்டேதான் இருக்கும். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், எழுந்து போகும்போது, "நீங்க யாருக்காவது வீட்ல இந்த மாதிரி ரூம் போட்டுக் குடுத்திருக்கீங்களா சார்? போய்ப் பாத்துட்டு வந்துடலாமே," என்றார்.

ஒன்று போட்டேன், அது இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. என் உத்தியோக காலத்தில் நான் செய்ததிலேயே திருத்தமான காரியம் ஸ்ரீரங்கத்து அறைதான். அதை நினைத்து ஒரு நாள்கூட என்னால் சந்தோஷப்பட முடிந்ததில்லை. எழுதித் தொலைத்தால் பாரம் கொஞ்சம் இறங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். இறங்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

எங்களுக்குத் துறையூர்ப் பக்கம் விவசாயம். ரேடியோ மெக்கானிசம் படித்துவிட்டு ஐம்பதுகளின் நடுவில் திருச்சிக்கு வந்து நிலையத்தில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வயர் சுற்றினேன், மைக் தூக்கினேன், திட்டு வாங்கினேன்.

திட்டியவர் இன்ஜினியர் தேவசகாயம் சார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். கோபம் முற்றிவிட்டால் உதடு மட்டும்தான் அசையும். நாமே பக்கத்தில் போய், குனிந்து காது கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த அறைக்குள் போனாலும் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுவார். தலையைச் சாய்த்துக்கொண்டு அது அடங்குகிற வரைக்கும் கேட்பார். ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு, அசடு வழிந்து நின்றதை நானே பார்த்தேன். கை தட்டிய பிறகு சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கிக்கொண்டே மூலை மூலையாக நடப்பார். இரண்டு வெறுஞ்சுவர்கள் நேருக்கு நேர் நின்றால் சாவிச் சத்தம் நடுங்கிக்கொண்டு திரும்பி வரும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். வேலை பிடித்திருந்தால் "இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்கியதில்லை.

அப்போதெல்லாம் எங்களிடம் பாட்டுக் கச்சேரி பெரும்பாலும் நேரடி. பாடகர் ஸ்டூடியோவில் பாடப் பாடவே அது காற்றில் போய்விடும். டேப் கிடைப்பது அருமை என்பதால், எதையாவது பதிந்தாலும் ஒலிபரப்பு முடிந்ததும் அழித்து அடுத்ததற்கு எடுத்துக்கொள்வோம். அப்படி வந்து நேரடியாகப் பாடியவர்களில் ஸ்ரீரங்கத்து வேதவல்லியும் ஒருத்தி. இருபத்துநாலு வயது இருக்கும், தாய் இல்லாத பெண். அவள் அப்பா வீரராகவ ஐயங்கார் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் உள்ளே பாடும்போது வராந்தா பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரை முகம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் பாடினால் நான் ஒலியைக் கூட்டிக் குறைக்கக் குமிழைத் திருகியபடியே இருக்க வேண்டும். வேதவல்லி பாடும்போது மட்டும் கையை எடுத்துவிட்டு, சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்தச் சுகம் எனக்கு மொத்தம் நாலு தடவை கிடைத்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் ஐயங்கார் தனியாக நிலையத்துக்கு வந்தார். வேதவல்லிக்குக் குரல்வளையில் கட்டி. சென்னையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, சில மாதம் மருந்தும் ஊசியும் கொடுத்துப் பார்க்கலாம், கரையாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். கத்தி வைத்தால் பிறகு பாட்டு கிடையாது, பேச்சும் எந்த அளவுக்கு மிஞ்சும் என்று சொல்ல முடியாது. அதுவரை குரலை அலட்டாமல் வைத்திருந்தால் தாங்கும் என்றாராம்.

"நாலு தரம் பாடினாளே இங்க. ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேள்னாக்கூடப் போறும்," என்றார் ஐயங்கார்.

தேவசகாயம் சார் குரல் தாழ்ந்தது. அன்றைக்குக் கோபத்தால் இல்லை. "எதுவும் இல்லீங்க. வைக்கிற வழக்கமில்லை," என்றார். சொந்தப் பதிவுக்கு ஸ்டூடியோவைத் திறந்துவிடவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. ஐயங்கார் யாரையும் கெஞ்சவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப எங்காத்துலயே பதிஞ்சுக்கறேன்," என்றார்.

பாலக்கரையில் ரேடியோக் கடை வைத்திருந்த காதர் பாய், சிங்கப்பூரிலிருந்து தன் மைத்துனர் கொண்டுவந்த ஜெர்மன் டேப் ரெக்கார்டரை அவருக்குக் கொடுத்தார். கூட வந்தது ஒரே ஒரு ஸ்பூல். வேறு டேப்புக்கு பாய் எங்கெங்கோ சொல்லி வைத்திருந்தார், கிடைத்தபாடில்லை. மெஷினை மாட்டித் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

சித்திரை வீதியில் நீளமான வீடு. பக்கத்து வீடுகளோடு ஒட்டின சுவர், நடுவில் திறந்த முற்றம், கூடம் முழுக்க சிமெண்டுத் தரை. அங்கேதான் வேதவல்லியை உட்கார வைத்து முதலில் பதிந்தோம். அரை மணி நேரம் பாடினாள். போட்டுக் கேட்டால், பாட்டோடு சேர்ந்து காக்கை, பக்கத்து வீட்டுக் கிணற்று ராட்டினம், கோயில் மேளம், தாம்பாளம் விழுந்த சத்தம். போதாததற்குச் சுண்ணாம்புச் சுவர்கள் அவளுடைய ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லின.

"கிணத்துக்குள்ளேர்ந்து பாடறாப்பல இருக்கே," என்றார் ஐயங்கார். "இது அவ குரலே இல்லை. அழிச்சுடுங்கோ."

"இருக்கட்டுமேங்க. வேற நல்லதா எடுத்த பிறகு அழிச்சுக்கலாம்," என்றேன்.

"எடுக்க இந்த ஒரு டேப்தானே இருக்கு?" என்று சொல்லி, நான் சொல்லிக்கொடுத்திருந்த பொத்தான்களை அவரே அழுத்தினார். அரை மணி நேரப் பாட்டு அழிய அரை மணி நேரம் ஆனது. மூன்று பேரும் உட்கார்ந்து அந்தச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் வேதவல்லி, "காக்கா சத்தமும் போயிடுத்தே, பாவம்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அறை கட்டுகிற யோசனை அன்றைக்கே பிறந்தது. கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டில் இருந்தது. மாட்டை விற்று வெகு நாளாகியும் கொட்டில் அப்படியே கிடந்தது. தெருவிலிருந்து தள்ளி இருந்ததால் சத்தம் குறைவு. நீளம் பதினாறடி, அகலம் எட்டடி, கூரை ஏறக்குறைய எட்டடி. ஐயங்காருக்கு ஏக திருப்தி. மனையடி சாஸ்திரப்படி எட்டும் நல்ல அளவு, பதினாறும் நல்ல அளவு. நான் அளவுகோலை எடுத்து இன்னொரு தடவை அளந்து பார்த்தேன். எட்டுக்கு எட்டு, அதன் இரட்டிப்புப் பதினாறு. உலகத்தில் சத்தத்துக்கு இதைவிட மோசமான அறையை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தேவசகாயம் சாரிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, வெள்ளை வேட்டி சட்டையோடு என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கொட்டில் வாசலில் நின்று கை தட்டினார். சாவியைக் குலுக்கிக்கொண்டு நடந்தார். "இதுல மாடு எப்படித்தான் இருந்துச்சோ," என்றார். பிறகு ஐயங்காரிடம் அகலத்தைக் கூட்ட வேண்டும் என்று சொன்னார். ஒன்பது, பன்னிரண்டு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஐயங்கார் கண்ணை மூடிக்கொண்டு மனையடிப் பலனை முணுமுணுத்தார். "ஒன்பது ஆகாது. பன்னெண்டு ஆகவே ஆகாது. பதினொண்ணு சொல்லுங்கோ, அது சுபம்."

"பதினொண்ணு எனக்கும் சுபம்தாங்க," என்றார் தேவசகாயம் சார்.

கொல்லையில் மூன்றடி எடுத்துக்கொண்டு அகலத்தைப் பதினொன்றாக்குவது என்று முடிவாயிற்று. உயரத்துக்கு மனையடி பார்ப்பதில்லையாம், அதனால் ஒன்பதடி வைத்துக்கொண்டோம். பதினாறு, பதினொன்று, ஒன்பது. எதற்கும் எது இரட்டிப்பில்லை. சாஸ்திரமும் சயின்சும் அன்றைக்குக் கை குலுக்கிக்கொண்டன என்று நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

அடுத்த தகராறு சுவரைப் பற்றி வந்தது. எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றைச் சற்றுக் கோணலாக நிறுத்தினால்தான் சத்தம் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நடுங்காது. இதைச் சொன்னதும் கொத்தனார் மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டார். ஐயங்காருக்கு முகம் வெளுத்தது. மூலை தப்பின சுவர் குடும்பத்துக்கு ஆகாது. நான் ஒரு வழி சொன்னேன். செங்கல் சுவர் மூலைமட்டத்துக்கு நேராகவே நிற்கட்டும், அதற்கு முன்னால் மரச்சட்டம் அடித்து, அதை மட்டும் ஒரு ஓரம் ஒரு சாண் தள்ளிச் சாய்வாக நிறுத்தலாம். ஐயங்கார், "சட்டம்னா அது சாமான். சுவர் இல்லை. பீரோவைக் கோணலா வெச்சா யார் கேக்கப் போறா?" என்று ஒப்புக்கொண்டார்.

வைகாசியும் ஆனியும் அந்த வேலையிலேயே போயின. நிலையத்தில் டியூட்டி முடிந்ததும் சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வந்துவிடுவேன். சட்டங்களுக்குப் பின்னால் சாக்கும் தென்னைநாரும் அடைத்தோம். முன்னால் ஓட்டை போட்ட அட்டை. தரைக்குக் கயிற்றுப் பாய், அதன்மேல் ஜமக்காளம். ஒரு சுவரின் மேல்பாதியை மட்டும் வெறும் மரப்பலகையாக விட்டோம். அது தேவசகாயம் சார் உத்தரவு. "பூரா அடைச்சுட்டீங்கன்னா பாடுறவங்களுக்குத் தன் குரலே கேக்காது. தொண்டையைப் போட்டுக் கிழிச்சுக்குவாங்க. அந்தப் பொண்ணு அலட்டிக்காம பாடணும், அவங்க குரல் அவங்களுக்கே திரும்பி வரணும்," என்றார். கதவுக்குத்தான் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டு பலகைக்கு நடுவில் மணல் நிரப்பின கதவு, ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. நிலைச்சட்டம் முழுக்க சைக்கிள் ட்யூபை வெட்டி அடித்து, காற்று நுழையாதபடி செய்தோம். காற்று நுழைந்தால் சத்தமும் நுழையும்.

வேலை நடந்த நாட்களில் வேதவல்லி பேசுவதில்லை. குரலைச் சேமிக்க வேண்டும் என்று ஐயங்கார் அவளுக்கு மௌனம் போட்டிருந்தார். சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். ஒரு நாள் நான் ட்யூப் வெட்டிக்கொண்டிருந்தபோது, 'இந்த ரூமில் மூச்சு முட்டுமா?' என்று எழுதி நீட்டினாள். ஒரு மணிக்கொருதரம் கதவைத் திறந்தால் போதும் என்றேன். தலையாட்டிக்கொண்டு அழித்தாள்.

ஆனி முடிய ஓரிரு நாள் இருக்கும்போது அறை தயாராகிவிட்டது. தேவசகாயம் சார் வந்து கை தட்டினார். சாவியை எல்லா மூலையிலும் குலுக்கினார். பெருக்கல் குறி எதுவும் விழவில்லை. பிறகு என்னை உள்ளே விட்டு இரண்டு கதவையும் சாத்தி, அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னார். அவரும் ஐயங்காரும் வெளிக்கதவை ஒட்டி நின்றார்கள். தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். "ஆரம்பிக்கலையா இன்னும்?" என்று கேட்டார் ஐயங்கார். தேவசகாயம் சார் என்னைப் பார்த்து, "இருக்கட்டும்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாளைக்கே பதிஞ்சுடலாங்க," என்றேன்.

ஐயங்கார் பஞ்சாங்கத்தோடு வந்தார். ஆனியில் மிச்சமிருந்த நாள் எதுவும் சரியில்லை. அப்புறம் ஆடி. "ஆவணி பொறந்ததும் மொத முகூர்த்தம். பெருமாளை உள்ள ஏளப்பண்ணி, புண்யாஹவாசனம் பண்ணி ரூமைச் சுத்திபண்ணி, அப்பறம்தான் குழந்தை அங்க வாயைத் திறக்கணும்," என்றார்.

"ஆடிப்பூரம் வருதேங்க. ஆண்டாள் திருநட்சத்திரம். அன்னிக்குப் பாடினா நல்லதுதானே?" என்று எனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னேன்.

"அது உத்ஸவம். நாம பண்றது கிரஹத்துல சுபாரம்பம். ரெண்டும் ஒண்ணா?"

"அதுவரைக்கும் கூடத்துலயாவது ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமே," என்றேன்.

"டாக்டர் நாள் குடுத்திருக்கார் தம்பி. அவ குரல் அந்த ரூம்லதான் முதல்ல பதியணும். அவ அம்மாவுக்குத்தான் எதையும் நாள் பாக்காம பண்ணி, பறிகொடுத்துட்டேன்," என்றார். தேவசகாயம் சார் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெஷினைப் பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார் ஐயங்கார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காவேரியில் புதுத் தண்ணீர் கரை புரண்டு போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை.

ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் காலையிலேயே போய் மைக்கை நிறுத்தினேன். மந்திரம் சொன்னவர்கள் போன பிறகு வேதவல்லி புதுப் புடவையோடு வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். ஐயங்கார் சுவரோரம் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கதவுகளைச் சாத்தினேன். சுருதிப்பெட்டியை வைத்தேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

மறுபடி முயன்றாள். சுருதிப்பெட்டிக்குத்தான் மெஷினில் ஒலியளவு காட்டும் முள் ஆடியது. மௌனத்தில் இருந்தவளுக்குக் குரல் போனது எப்போது என்று ஐயங்காருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஐயங்கார், "சித்த ஜலம் குடிச்சுட்டுப் பாடேன் அம்மா," என்றார். அவள் குடித்தாள். மூன்றாவது தடவையும் காற்றுதான். அந்த அறையில் எதிரொலி இல்லை, வெளிச்சத்தம் இல்லை. அதனால் அந்தக் காற்று அத்தனை துல்லியமாகக் கேட்டது. நான் செய்த வேலையை நானே அன்றைக்குச் சபித்தேன்.

புரட்டாசியில் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு மோசமில்லை. ரகசியம் பேசுவதுபோல ஒரு மூச்சுப் பேச்சு மட்டும் மிஞ்சியது. தெருச் சத்தத்திலும் ஃபேன் ஓடுவதிலும் கூடத்தில் அது யார் காதிலும் விழாது. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டுமானால் ஐயங்கார் அவளை அந்த அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவார். அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தினம் சாயங்காலம் அப்பாவும் பெண்ணும் அங்கே போய்த்தான் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் பார்க்கப் போனேன். என்னையும் அங்கேதான் உட்கார வைத்தார்கள். காபி கொண்டுவர ஐயங்கார் எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. வேதவல்லி அந்த மரப்பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆடி மாசம் பூரா இங்க வந்து பாடினேன் சார். மத்தியானம் அப்பா தூங்கறச்சே. ரெண்டு கதவையும் சாத்திண்டு."

நான் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரொம்ப நன்னா வந்துது. ரேடியோல பாடினப்போகூட அப்படி வந்ததில்லை. என் குரல் எனக்கே திரும்பித் திரும்பி வந்து கேட்டுது. மெஷினை அப்பா பூட்டி வெச்சுட்டார். சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்துடுவாரோன்னு மொத நாள் பயம். மறுநாள்லேர்ந்து பயம் போயிடுத்து. கடைசி வாரம், வந்துடமாட்டாரான்னு இருந்துது. வாசல்படியில யாராவது நின்னிருந்தாக்கூடக் கேட்டிருக்காது, இல்லையா?"

கேட்டிருக்காது. அதற்குத்தான் நான் மணல் நிரப்பினேன், அதற்குத்தான் ட்யூப் அடித்தேன். அவள் பாடிப் பாடித்தான் குரல் சீக்கிரம் போனதா, பாடாமல் இருந்திருந்தாலும் போயிருக்குமா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டருக்கும் தெரியாது. ஒரு மாதம், தினமும், இந்தக் காதுகள் கேட்டதிலேயே நல்ல குரல் என் கையால் கட்டின அறைக்குள் நிறைந்து, ஒரு பொட்டுக்கூட வெளியே வராமல் போயிருக்கிறது.

"அப்பாட்ட சொல்லிடாதீங்கோ," என்றாள்.

கதவு திறந்தது. ஐயங்கார் இரண்டு டம்ளரோடு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் வாய் அசைந்ததைப் பார்த்துவிட்டு, ஆவலோடு என்னைக் கேட்டார்.

"என்ன சொல்றா?"

"ரூம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றாங்க," என்றேன்.

அவர் நான்கு சுவரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்து, ஆறுறதுக்குள்ள குடியுங்கோ தம்பி என்றார்.